பதினொரு பொட்டு

நான் பென்சன் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. நான் வேலை பார்த்த சபைக் கந்தோரிலிருந்து ஒருவர் வந்து, "ஐயா, உங்கட அனுபவங்களை எழுதித் தாங்கோ, புதுசா வந்திருக்கிற ஓவசியர்மாருக்கு உதவும்" என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் ஏலாது என்றுவிட்டேன். கழிவுநீர்க் கான் வெட்டி, ஒழுங்கைக்குக் கிரவல் போட்டு, பிளான் கீறிக் காலம் கழித்தவனிடம் பெரிதாக என்ன இருக்கப்போகிறது? மூன்றாம் தரம் யாரும் கேட்கவில்லை. இப்போது நானாகவே எழுதுகிறேன். காரணம் போன கிழமை நடந்த ஒரு காரியம். அதை முதலிலேயே சொன்னால் என்னைப் போலவே உங்களுக்கும் தலை சுற்றும். ஆகவே ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அன்புவழிபுரத்துக்கு அப்பால் பற்றைக்காட்டை வெட்டிச் சனம் குடியேறியிருந்தது. வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துப் போன பிறகு வேலை இழந்தவர்கள், சல்லியிலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பங்கள், கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் என்று மொத்தம் நாற்பத்தாறு வளவு. அந்த இடத்துக்கு ஒரு பெயர் வைக்கக்கூட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. கந்தோரில் நாங்கள் 'நாற்பத்தாறு' என்றே சொல்வோம். கிடுகு வேலிகள், நெளிந்த ஒழுங்கைகள், குசினிக்குப் பக்கத்தில் ஆட்டுக்கொட்டில், அதற்குப் பக்கத்தில் கக்கூசு. இதை நோய்நொடி இல்லாத ஒழுங்கான குடியிருப்பாக்கி, வளவுக்கு வளவு காணிப் பெர்மிட் கொடுக்க வேண்டும் என்று சபை தீர்மானித்தது. பிளான் கீறும் வேலை என் தலையில் விழுந்தது.

விழுந்தது என்று சொல்கிறேனே தவிர, நான் அதை ஆசையோடுதான் ஏந்திக்கொண்டேன். நேரான மூன்று ஒழுங்கை. ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் கான். கிணற்றுக்கும் கக்கூசுக்கும் இடையில் ஐம்பது அடி. கிணறு இருக்கும் இடமெல்லாம் நீல மையில் ஒரு பொட்டு. அந்தப் பிளானை மேசையில் விரித்து வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன். அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவிச்சி. நாங்கள் மிஸி என்று கூப்பிடுவோம். நாற்பத்தாறில் பிறந்த குழந்தைகளில் பாதியை முதலில் கையில் ஏந்தியவர். என் வயதுதான் இருக்கும். என்னைப் பகிடி பண்ணுவதில் அவருக்கு ஒரு தனி இன்பம்.

பிளானை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓவசியர் ஐயா, பொட்டெல்லாம் போட்டாச்சோ?" என்று கேட்டார்.

"ஓம் மிஸி. பதினொண்டு."

"பதினொண்டோ? என்ன கதை இது! நான் அறிய இருபதுக்குக் கிட்ட வரும். வடிவா எண்ணிப் பாருங்கோ. விட்டீங்களெண்டால் பிறகு சனம்தான் கஷ்டப்படும்."

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு விசர் பிடிக்காத குறை. இருபது கிணறா? வளவு வளவாக ஏறி இறங்கி அளந்தவன் நான். ஒன்பது கிணறு எப்படிக் கண்ணில் படாமல் போகும்? அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், கண்ட கண்ட வீட்டிலெல்லாம், "வேற கிணறு ஏதும் இருக்கோ? மூடி மறைச்சு வைச்சிருக்கிறீங்களோ?" என்று விசாரித்தேன். சனம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் புதைத்து வைத்த பீப்பாவைத்தான் நான் தேடுகிறேன் என்று மத்தியானத்துக்குள் கதை பரவிவிட்டது. பின்னேரம் ஒரு வீட்டுக்காரர் தானாகவே வந்து, "ஐயா, என்னட்ட ஒண்டும் இல்லை. நாலாம் வளவில பாருங்கோ" என்று காதுக்குள் சொன்னார். நாலாம் வளவிலும் கிணறு இல்லை. அங்கே இருந்ததைப் பற்றி நான் எழுதவில்லை.

ஆக, பதினொன்று பதினொன்றுதான். மிஸி சும்மா சீண்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவரிடம் திரும்பப் போய், "நீங்கள் சொல்வது எது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிளான் கீறியவன் நான், அவர் மருத்துவிச்சி. அந்தத் திமிரை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒழுங்கையையும் கானையும் வெட்டி முடித்தோம். அடுத்தது வேலி. அங்கே வேலிச் சண்டை இல்லாத நாளே கிடையாது. கிடுகு வேலி ஒவ்வொரு மாரிக்கும் ஒரு முழம் நகரும். பெர்மிட் கொடுப்பதென்றால் எல்லை அசையக் கூடாது. ஆகவே சபை சீமெந்துத் தூணும் முள்ளுக்கம்பியும் கொடுத்தது, சனம் சிரமதானம் செய்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமையில் நாற்பத்தாறு வளவுக்கும் ஆறு நிரை கம்பி இழுத்து முடித்தோம். பழைய வேலிகளில் ஆங்காங்கே ஓட்டைகள் இருந்தன. ஆடு நுழைந்து உண்டானவை என்று நினைத்து, 'வேலி பழுது' என்று அறிக்கையில் எழுதி, அவற்றின் மேலாகவும் கம்பியை இழுத்தேன். தூண் நட்டவர்கள் எல்லோரும் ஆம்பிளைகள். பொம்பிளைகள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு ஒரு பக்கமாக நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தியாவது வாய் திறந்தாளா என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. கம்பி இழுத்து முடிந்தால்தான் பெர்மிட் என்று நான்தானே உரத்துச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதம் கழித்து மாரி பிடித்தது. அதோடு நெருப்புக்காய்ச்சலும் வந்தது, டொக்டர்மார் டைபொயிட் என்பது.

முதலில் இருபத்தேழாம் வளவு. அங்கே பூரணம் என்று ஒரு பிள்ளை. புருஷன் புல்மோட்டையில் மண் ஆலையில் வேலை, சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவான். அவளுடைய ஐந்து வயது மகள் வதனியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு முப்பத்தொன்றில் மகளோடு இருந்த ஒரு வயதானவர். பிறகு வேறு மூன்று வீடு. நான் பிளானை எடுத்து, காய்ச்சல் வந்த வீடுகளைப் பென்சிலால் வட்டமிட்டேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இரண்டு வீடு முதலாம் ஒழுங்கை, ஒன்று இரண்டாவது, இரண்டு மூன்றாவது. இடையில் இருந்த வீடுகளில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஐஸ்பழக்காரனாக இருக்குமோ என்று நினைத்தேன். கோயில் அன்னதானமோ என்று நினைத்தேன். பிளானை நேராகப் பிடித்துப் பார்த்தேன், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். பேயன் மாதிரி இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் முப்பத்தொன்றாம் வளவுக்காரர் ஆஸ்பத்திரியில் தவறிப்போனார்.

அதற்குப் பிறகு யோசிக்க நேரமில்லை. சுகாதாரப் பகுதிப் பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டு, எந்தக் கிணறு என்று கண்டுபிடித்து அன்றைக்கே மூடச் சொன்னார். நான் காய்ச்சல் வீடுகளுக்குப் போய், "எங்க தண்ணி அள்ளுறனீங்கள்?" என்று கேட்டேன். ஐந்து வீட்டிலும் ஒரே பதில்: "கதீசா ராத்தா வளவிலதான்." எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. ஒரே கிணறு! இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? சிவப்புப் பெயின்ற் டப்பாவையும் பலகையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

கதீசா ராத்தாவின் கிணறு நாற்பத்தாறிலேயே நல்ல தண்ணி. கடற்பக்கத்துக் கிணறுகள் உவர். வீட்டின் முன்பக்கத்தில் அவருடைய கணவர் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். அங்கே எந்த நேரமும் நாலைந்து ஆம்பிளைகள் குந்தியிருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். நான் பெயின்ற் டப்பாவோடு அவர்களைத் தாண்டிப் பின்னுக்குப் போனேன். ராத்தா விஷயத்தைக் கேட்டதும் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார்.

பிறகு சொன்னார்: "மூடுங்க தம்பி. நம்மட தண்ணியால ஒரு மனிசன் மௌத்தாகியிருந்தா மூடத்தான் வேணும். ஆனா எனக்கு ஒண்டு மட்டும் விளங்கல்ல. மூணு மாசமா இந்தக் கிணத்தில நம்மட ஊட்டுக் குடத்தைத் தவிர வேற குடம் விழல்ல. ஒருத்தியும் இந்தப் பக்கம் வாறல்ல. நான் என்ன பிழை செய்தேன், எல்லாரும் ஏன் என்னோட கோபமா இருக்காங்க எண்டு அதுகளிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

ஐந்து வீடும் இங்கேதான் அள்ளுகிறோம் என்கிறது. கிணற்றுக்காரி யாரும் வரவில்லை என்கிறார். யார் பொய் சொல்கிறார்கள்? பெயின்ற் டப்பாவைத் திறக்காமல் அப்படியே கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, பூரணம் வீட்டுக்குப் போனேன். வீடு பின்வேலிக்கு அந்தப் பக்கம். குரல் கொடுத்தால் கேட்கும். ஆனால் நான் முன்பக்கத்தால் வெளியே வந்து, ஒழுங்கை முழுக்க நடந்து, சந்தியில் திரும்பி, அடுத்த ஒழுங்கையில் பாதி தூரம் வரவேண்டியிருந்தது. நான் நேராகக் கீறிய ஒழுங்கைதான். அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகச் சைக்கிள் இல்லாமல் நடந்தேன்.

பூரணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். மிஸியும் அங்கே இருந்தார். நான் போன வேகத்திலேயே, "என்ன பிள்ளை, ஏன் பொய் சொன்னனீ?" என்று கத்திவிட்டேன்.

"பொய் இல்லை ஐயா." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க அள்ளுறனீங்கள் எண்டு கேட்டீங்கள். நான் கலியாணம் முடிச்சு வந்த நாள் தொட்டு அங்கதானே அள்ளுறனான். இப்ப ஏலாது. அந்த வாசலால, அவ்வளவு ஆம்பிளையளுக்கு முன்னால ஈரக் குடத்தோட எப்பிடிப் போய் வாறது? ராத்தாவுக்கும் நாங்கள் வாறது பிடிக்கேல்லைப் போல. இல்லாட்டி அடைக்கேக்குள்ள ஒரு சொல்லுச் சொல்லியிருப்பாதானே?"

"அப்ப இப்ப எங்க அள்ளுறாய்?"

அவள் மிஸியைப் பார்த்தாள். மிஸி தலையசைத்தார். வீட்டுப் பின்புறம் கூட்டிக்கொண்டு போனாள். கானுக்குப் பத்தடி தள்ளி, மணலில் கையால் தோண்டிய குழி. நாங்கள் பூவல் என்போமே, அது. சிரட்டையால் அள்ளும் அளவுக்குத் தண்ணி ஊறியிருந்தது. மழை பெய்தால் கான் நிரம்பி அதற்குள்தான் வழியும்.

"மற்ற வீடுகளும் இப்பிடித்தானோ?"

"நாங்கள் அஞ்சு வீடும் இந்தப் பூவல்தான் ஐயா. சொன்னால் நீங்கள் பெர்மிட்டை நிப்பாட்டிப் போடுவீங்கள் எண்டு பயம்."

மிஸி அப்போதுதான் வாய் திறந்தார். பின்வேலியில் ஓரிடத்தைக் காட்டினார். கம்பிக்கு அப்பால் இன்னமும் அழியாமல் ஒற்றையடித் தடம் ஒன்று கதீசா ராத்தாவின் குசினி வாசலுக்குப் போனது. "இதில ஒரு பொட்டு இருந்தது. அண்டைக்கே கேட்டனான், பொட்டெல்லாம் போட்டாச்சோ எண்டு. நீங்கள் பதினொண்டு போட்டாச்சு எண்டு சொன்னீங்கள். மிச்சத்தையும் போட்டிருப்பீங்கள் எண்டு நானும் பேசாமல் இருந்திட்டன்."

வேலிப் பொட்டு! வளவுக்கு வளவு ஆள் குனிந்து போய்வர வேலியில் விடுகிற இடைவெளிக்கு எங்கள் ஊரில் வேறு என்ன பெயர்? நான் வெளியூர்க்காரன் இல்லை. அதற்குள்ளால் நுழைந்து பக்கத்து வீட்டு மாங்காயைக் களவெடுத்து வளர்ந்தவன். அம்மா கறிவேப்பிலைக்கும் நெருப்புக்கும் கதைக்கும் அதற்குள்ளால்தான் போய்வந்தா. ஆனால் பிளான் முன்னால் விரிந்து கிடந்ததும் பொட்டு என்ற சொல் எனக்கு நீல மையாகிவிட்டது. ஆட்டு ஓட்டை என்று நினைத்து அடைத்தேனே, அது பொம்பிளைகளின் தெரு. ஐந்து காய்ச்சல் வீடுகளுக்கும் உள்ள சம்பந்தம் இப்போது விளங்கியது. அந்த ஐந்தும் கதீசா ராத்தாவின் கிணற்றுக்குப் பொட்டால் போய்வந்த வீடுகள். அவற்றைச் சேர்த்துக் கட்டியது காய்ச்சல் அல்ல, நான்தான்.

மணி மூன்று. ஐந்து மணிக்குள் கிணறு மூடியாயிற்று என்று டொக்டருக்குச் சொல்ல வேண்டும். தண்ணிச் சோதனை முடிவு கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை. இப்போது சொல்லும்போது எல்லாம் வெளிச்சமாகத் தெரிகிறது. அப்போது அப்படியில்லை. பூரணம் சொல்வது முழுவதும் உண்மையா? கிணற்றிலும் கெடுதி இருந்தால்? நல்ல கிணற்றை மூடினால் சனம் இன்னும் பூவலைத் தோண்டும். கெட்ட கிணற்றைத் திறந்து விட்டால் இன்னொரு சாவு என் கணக்கில். மழை தூறிக்கொண்டிருந்தது, நான் அந்தக் குழிக்கு முன்னால் நனைந்துகொண்டு நின்றேன். பயமென்றால் அப்படி ஒரு பயம்.

கடைசியில் மண்வெட்டியை வாங்கிப் பூவலை மூடினேன். கம்பி வெட்டும் குறடு ஒன்றை வாங்கி வேலிக் கம்பியை வெட்டினேன். சத்தம் கேட்டு அந்தப் பக்கத்திலிருந்து கதீசா ராத்தா வந்தார். பூரணம் இந்தப் பக்கம். "நீதான் அடைக்கச் சொன்னாய் எண்டு நினைச்சன்" என்றார் ராத்தா. "நான் நீங்களெண்டு நினைச்சன்" என்றாள் அவள். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் தாங்கினேனே, அதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கந்தோரிலும் கிடையாது.

ஐந்து மணிக்கு டொக்டர், "மூடியாச்சோ?" என்று கேட்டார். "மூடியாச்சு ஐயா" என்றேன். எதை மூடினேன் என்று சொல்லவில்லை. நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள். ஒரு கிழமை கழித்துக் கிணற்றுத் தண்ணி சுத்தம் என்று முடிவு வந்ததால்தான் இதை அனுபவம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு மாதிரி வந்திருந்தால் இதற்குப் பெயர் வேறு. வதனி தலைமயிரெல்லாம் கொட்டி, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தாள். வந்தாளே, அது போதும். முப்பத்தொன்றாம் வளவுக்காரர் வரவில்லை.

பிறகு மிஸியோடு நடந்து பொட்டுகளை எண்ணினேன். பத்தொன்பது. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடுவோம் என்று உற்சாகமாகக் கிளம்பினேன். அங்கேயும் அடி. பன்னிரண்டாம் வளவில் ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள்: "ஐயா, இதை மட்டும் திறந்து போடாதேங்கோ. மாமி நாளுக்குப் பத்துத் தரம் இதுக்குள்ளாலதான் வாறவ. இந்த மூண்டு மாசமாத்தான் நான் நிம்மதியா நித்திரை கொள்ளுறன்." மாமிக்காரியோ, "அதை முதல் திற" என்கிறா. நான் நடுவில் குறட்டோடு முழிக்கிறேன். நல்ல குடியிருப்பு என்பது திறப்பதா அடைப்பதா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. வீடு வீடாகப் போய், ஆம்பிளைகள் இல்லாத நேரம் பார்த்து, பொம்பிளைகளிடம் கேட்டேன். பதினாலு பொட்டைத் திறந்தோம். ஐந்தை விட்டுவிட்டோம். உங்களுக்கு நான் சொல்லித் தரக்கூடியது இவ்வளவுதான்: கேட்க வேண்டும். 'எங்கே அள்ளுகிறீர்கள்' என்று கேட்டால் போதாது, 'இன்று காலை இந்தக் குடத்தை எங்கே நிரப்பினீர்கள்' என்று கேட்க வேண்டும்.

இங்கேதான் நான் இரண்டாவது பிழையை விட்டேன். எல்லை வேலியில் வழி விடச் சட்டத்தில் இடமில்லை. பொட்டு என்று பைலில் எழுதினால் மேலிடம் கேள்வி கேட்கும். ஆகவே வருடா வருடம் மேற்பார்வைக்குப் போகும்போது, '27ஆம் வளவு, பின்வேலி பழுது' என்று எழுதி வைத்தேன். பதினாலு இடத்துக்கும் பதினாலு பழுது. பழுதை யார் கவனிக்கப் போகிறார்கள்? நான் பென்சன் எடுக்கும்வரை ஒருவரும் கவனிக்கவில்லை. எவ்வளவு கெட்டித்தனம் என்று எனக்குள்ளேயே மெச்சிக்கொண்டேன்.

போன கிழமை பென்சன் விஷயமாகக் கந்தோருக்குப் போனேன். உங்களில் ஒருவர், வேலைக்கு வந்து மாதம் ஒன்று ஆகவில்லை, ஓடி வந்து கதிரை போட்டு இருத்தி, அந்தப் பைலைக் கொண்டுவந்து விரித்தார். "ஐயா, இவ்வளவு வருசமா நீங்கள் பழுது பழுது எண்டு எழுதினதை ஒருத்தரும் திருத்தேல்லை. நான் வந்து முதல் வேலையா பதினாலையும் அடைச்சுப் போட்டன். புதுக் கம்பி!" முகமெல்லாம் சிரிப்பு. பைலில் பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து. "நல்லது தம்பி" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகாமல் கால் நேராக நாற்பத்தாறுக்குத்தான் போனது. இருபத்தேழில் இப்போது வதனி இருக்கிறாள், தாயில்லை. பூரணம் காலமாகி மூன்று வருடம். வதனியின் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. குழாய்த் தண்ணி ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வராது என்றாள்.

"அப்ப எங்க பிள்ளை தண்ணி அள்ளுறனீ?" நான் சொல்லித் தந்த கேள்வியை நானே மறந்து, பழைய கேள்வியைத்தான் கேட்டேன்.

"கதீசா ராத்தா வளவிலதான் ஐயா."

அதே பதில். தாய் சொன்ன அதே சொல், அதே குரல். வீட்டைச் சுற்றிப் பின்னுக்குப் போனேன். கானுக்குப் பக்கத்தில், மணலில், சிரட்டையோடு புதுக் குழி.

தம்பி, நீங்கள் குற்றவாளி இல்லை. நான் எழுதிய சொல்லை நம்பி வேலை செய்தீர்கள். அந்தக் குழியை நான் மண் போட்டு மூடிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் குழந்தைக்குத் தண்ணி வேண்டும், இதற்குள் இன்னொன்று தோண்டியிருப்பாள். பழைய பிளானை இதோடு அனுப்பியிருக்கிறேன். நீலப் பொட்டு பதினொன்றும் கிணறுகள். நேற்றுச் சிவப்பு மையில் பதினாலு வைத்திருக்கிறேன், பக்கத்தில் 'பொட்டு' என்றே எழுதியும் இருக்கிறேன். மேலிடம் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். மழை தொடங்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. குறட்டை எடுத்துக்கொண்டு முதலில் இருபத்தேழுக்குப் போங்கள்.